ராக்கெட் கட்டும் பையனுக்கு எது உதவும்? காட்பாடி அம்மாவுக்குப் பதில்

பிளஸ் ஒன் படிக்கும் மகன் எந்நேரமும் ராக்கெட் நினைப்பாகவே இருக்கிறான், அமெரிக்காவில் தரும் பொழுதுபோக்கு ராக்கெட் சான்றிதழை வாங்கினால் இஸ்ரோவில் சேர உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. இஸ்ரோ அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. ஆனாலும் அவன் ஆசையைத் தடுக்காதீர்கள். ராக்கெட் கட்டிப் பழகியவனுக்குப் பொறியியல் சீக்கிரம் பிடிபடும்.

முதலில் மொட்டை மாடியைப் பாருங்கள். வெடியுப்பையும் சர்க்கரையையும் அடுப்பில் காய்ச்சுவது, தீக்குச்சி மருந்தைச் சுரண்டி இரும்புக் குழாயில் அடைப்பது, இதெல்லாம் நடந்தால் இன்றே நிறுத்துங்கள். குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது வெடிகுண்டேதான். விரல் போகும், கண் போகும். உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். வழக்கு வந்தால் பின்னால் அரசு வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பிலும் சிக்கல்தான்.

அவன் சொல்லும் சான்றிதழை என்.ஏ.ஆர். (தேசிய ராக்கெட் சங்கம்), டிரிப்போலி என்ற இரண்டு அமெரிக்க அமைப்புகள் மூன்று நிலைகளில் தருகின்றன. ராக்கெட்டைத் தள்ளும் எரிபொருள் அடைத்த குழாயை மோட்டார் என்பார்கள். அதை ஆங்கில எழுத்தால் வகைப்படுத்துவார்கள், எழுத்து ஏற ஏற வலு கூடும். வழக்கமான முதல் நிலைக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதில் எச் அல்லது ஐ வகை மோட்டார், இரண்டாம் நிலையில் ஜே முதல் எல் வரை, மூன்றாவதில் எம் முதல் மேலே. எழுத்துத் தேர்வு இரண்டாம் நிலையில்தான் வரும். மோட்டாரை ஆலையில் செய்ததாக வாங்கிக்கொள்வார்கள். ராக்கெட்டைத் தானே கட்டி, பறக்கவிட்டு, மறுபடி பறக்கும் நிலையில் சேதமில்லாமல் மீட்டுக் காட்ட வேண்டும்.

பலர் தோற்பது மேலே போவதில் அல்ல, இறங்குவதில். பாராசூட்டை இறுக்கித் திணித்திருப்பார்கள், அது வெளியே வராது. மோட்டாரைச் சரியாகப் பூட்டாவிட்டால் பாராசூட்டைத் தள்ள வேண்டிய வாயு மோட்டாரையே பின்னால் துப்பிவிடும். பாராசூட் தாமதமாகத் திறந்தால், வேகமாக விழும் ராக்கெட்டின் உடல் குழாயைப் பாராசூட்டைக் கட்டிய கயிறு நீளவாக்கில் கிழித்துவிடும்.

கணக்கையும் அவன் இப்போதே போடலாம். எச்128 என்ற மோட்டார் என்றால் எச் வகை, சராசரி உந்துவிசை 128 நியூட்டன். 1.5 கிலோ ராக்கெட்டின் எடை ஏறக்குறைய 15 நியூட்டன். எடையைப் போல் 5 மடங்காவது உந்துவிசை வேண்டும் என்பது பொது விதி, இங்கே 8 மடங்குக்கு மேல் இருக்கிறது. அதே ராக்கெட் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்க ஏறக்குறைய 1 மீட்டர் விட்டமுள்ள பாராசூட் போதும். ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் இதையெல்லாம் வரைந்தே பார்க்கலாம்.

கைவேலைக்கு இப்போது தண்ணீர் ராக்கெட் போதும். கீறலில்லாத 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அளவுமானி உள்ள சைக்கிள் பம்பில் 60 பி.எஸ்.ஐ., அதற்கு மேல் வேண்டாம். 10 மீட்டர் தள்ளி நின்று கயிற்றை இழுத்து விடுவிக்கட்டும். சன்போர்டு என்ற லேசான நுரை அட்டையில் வெட்டிய இறக்கைகளைச் சூட்டுப் பசையால் ஒட்டினால் பாட்டில் இளகி அந்த இடத்திலேயே வெடிக்கும், இருபக்க டேப் போதும். ஏவுமுன் தண்ணீரில்லாமல், ராக்கெட் சமனாக நிற்கும் இடத்தில் கயிறு கட்டித் தலைக்குமேல் சுழற்றட்டும். மூக்கு முன்னால் போனால் சரி. வால் முன்னால் வந்தால் மூக்கில் கொஞ்சம் களிமண் சேர்க்க வேண்டும். பாலாற்றில் தண்ணீரில்லாத நாளில், ஆள் நடமாட்டம் இல்லாத மணலில், பெரியவர் ஒருவர் கூட இருந்து ஏவுங்கள். பின்னாளில் மர இறக்கை ஒட்டும்போது ஒரு விஷயம்: நம் ஊர் கத்திரி வெயிலில் அரால்டைட் பசை கலந்த கொஞ்ச நேரத்திலேயே இறுகும். சிறிது சிறிதாகக் கலக்கச் சொல்லுங்கள்.

படிப்புக்கு வருகிறேன். திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் (ஐ.ஐ.எஸ்.டி.) பி.டெக். சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். இஸ்ரோ விஞ்ஞானி/பொறியாளர் பணிக்கு மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களைத்தான் பெருமளவில் எடுக்கிறார்கள், 65 சதவீத மதிப்பெண் வேண்டும். வேலூர் பாகாயம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தாலும் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கும். எந்தக் கல்லூரியானாலும், சேருமுன் மாணவர் ராக்கெட் குழு உண்டா என்று கேளுங்கள். ஒவ்வொரு ஏவுதலின் எடை, அழுத்தம், உயரம், என்ன உடைந்தது என்பதையெல்லாம் அவன் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதட்டும். குழுவில் சேரப் போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போகட்டும்.