தோல் ஸ்லைடுல வெளிறித் தெரியுற செல் எது?

தங்கச்சி, பினாங்குல லேப் படிப்பு படிக்கிறேன், தோல் ஸ்லைடுல எது மெலனோசைட் (நிறமி உண்டாக்குற செல்), எது லாங்கர்ஹான்ஸ் செல் (தோல்ல இருக்குற நோய் எதிர்ப்புச் செல்)னு பிரிக்கவே தெரியல, ரெண்டும் வெளிறித்தான் தெரியுதுன்னு கேட்டிருந்தீங்க. நான் ஜார்ஜ்டவுன்ல ஒரு லேப்ல பல வருஷமா ஸ்லைடு பாக்குறேன், ஆரம்பத்துல எனக்கும் இதே குழப்பம்தான்.

கலர விடுங்க, எந்த வரிசைன்னு பாருங்க. மேல்தோலோட அடி வரிசையில, டெர்மிஸ (உள்தோல) ஒட்டி, சின்னதா கருத்த நியூக்ளியஸ், சுத்தி வெள்ளை வளையம், அது மெலனோசைட். அந்த வளையம் உசிரோட இருக்குற தோல்ல கிடையாது, மேல்தோல்ல பெரும்பாலும் இருக்குற கெரட்டினோசைட் எல்லாம் டெஸ்மோசோம்ங்கற இணைப்பு போட்டு ஒண்ணோட ஒண்ணு கை கோத்து நிக்கும், மெலனோசைட்டுக்கு அந்தப் பிடி இல்ல, அதான் பதப்படுத்தும்போது தனியா சுருங்கிடுது. கொஞ்சம் மேல, ஸ்பைனோசம்ங்கற அடுக்கு நடுவுல, பள்ளம் விழுந்த நியூக்ளியஸோட இருந்தா லாங்கர்ஹான்ஸ். தொடுதல உணர்ற மெர்க்கல் செல்ல வழக்கமான ஹெச் அண்ட் இ ஸ்டெயின்ல தேடி நேரத்த வீணாக்காதீங்க, அதுல பிரிச்சுத் தெரியாது.

செல்லோட புரதத்த அடையாளம் காட்டுற ஸ்டெயின்ல, எஸ்100 மெலனோசைட், லாங்கர்ஹான்ஸ் ரெண்டையுமே பிடிக்கும், அத நம்பிப் பிரிக்க முடியாது. மெலன்-ஏ ஸ்டெயின் மெலனோசைட்டுக்கு, சிடி1ஏ ஸ்டெயின் லாங்கர்ஹான்ஸுக்கு.

40 லென்ஸ்ல அடி வரிசைய நிதானமா பாருங்க, கெரட்டினோசைட் நியூக்ளியஸ் மேல மெலனின்ங்கற பழுப்புத் துகள் குடை புடிச்ச மாதிரி குவிஞ்சிருக்கும், வெயில்லேர்ந்து டிஎன்ஏவ காப்பாத்துறது அதுதான், எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அலுக்காது.

பால் லாங்கர்ஹான்ஸ் 1868ல அந்தச் செல்லக் கண்டுபிடிச்சப்ப அவரும் ஸ்டூடண்ட்தான், அத நரம்பு செல்னு நினைச்சாரு. ஸ்லைடு போட்டோ இருந்தா இங்க போடுங்க, நான் பாத்துச் சொல்றேன்.