பொம்மைப் படத்துக்கு அழலாமா?

கேள்வி: இருபத்திரண்டு ஆண்டுகளாக அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் படங்களைப் பார்த்து வருகிறேன். பள்ளி நாட்களில் தொலைக்காட்சியில் தொடங்கிய பழக்கம், நாற்பது வயதை நெருங்கும்போதும் விடவில்லை. இதுவரை என்னை அழவைத்த படங்களும் தொடர்களும் மொத்தம் நாற்பத்தொன்று. பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். மனிதர்கள் நடித்த எந்தப் படமும் என்னை இந்த அளவுக்கு உலுக்கியதில்லை. ஜப்பானியர்கள் சோகத்தை நம்மைவிட ஆழமாக உணர்பவர்கள் என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகனோ, ‘ஒரு குழந்தையைச் சாகடித்துப் பின்னால் பியானோ வாசித்தால் யார்தான் அழமாட்டார்கள் பெரியப்பா’ என்று சிரிக்கிறான். யார் சொல்வது சரி? அனிமே பார்த்தே இராத அவனுக்கு முதலில் எதைக் காட்டலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: உங்கள் தம்பி மகன் சொல்வது பாதி சரி, நீங்கள் சொல்வது கால்வாசி சரி. நாற்பத்தொரு பெயர்கள் கொண்ட அந்தப் பட்டியலை முதலில் மடித்து ஓரமாக வையுங்கள். கண்ணீரை எண்ணிக்கையால் அளப்பதென்றால் நம் வீடுகளில் தினமும் மாலையில் ஓடும் நெடுந்தொடர்களுக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டியிருக்கும். ஜப்பானியர்களின் மனத்துக்குத் தனி ஆழம் உண்டு என்ற முடிவையும் அதோடு சேர்த்து வைத்துவிடலாம். இந்த இடத்தில், எதுவும் நிலைப்பதில்லை என்பதை உணரும்போது எழும் மெல்லிய துயரத்தைக் குறிக்கும் ‘மோனோ நோ அவாரே’ என்ற ஜப்பானியச் சொற்றொடரை எடுத்து நீட்டுவது வழக்கமாகிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் மோட்டூரி நோரினாகா ‘கெஞ்சியின் கதை’ என்ற பழைய ஜப்பானிய நாவலைப் படித்து எழுதியதைக் கொண்டு, வாராவாரம் வெளியாகும் தொடரின் கடைசிக் காட்சியை விளக்கிவிட முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். மட்டமான அனிமே ஏராளமாக இருக்கிறது. அவற்றை எடுத்தவர்களும் ஜப்பானியர்களே.

ஒரு கேமராவைத் தெருவில் வைத்தால், இயக்குநர் கேட்காமலேயே காற்று வீசும், கொடியில் காயும் துணி அசையும், யாரோ ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போவார். வரைந்து எடுக்கும் படத்தில் இவற்றில் எதுவும் இலவசமாகக் கிடைக்காது. ஒரு சிறுமி செருப்பைக் கழற்றும்போது சற்றுத் தடுமாற வேண்டுமென்றால், அந்தத் தடுமாற்றத்தை ஒருவர் நினைத்துப் பார்த்து, உடல் எடை எந்தக் காலில் நிற்கும் என்று தானே ஒற்றைக்காலில் நின்று பார்த்து, தாள் தாளாக வரைந்து முடிக்க வேண்டும். கதைக்கு அது தேவையே இல்லை. வரையாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். தேவையில்லாத ஒன்றுக்காக ஒருவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பதை, நமக்கே தெரியாமல் நம் கண் உணர்ந்துகொள்கிறது. நல்ல அனிமேயில் தொண்டையை அடைப்பது பெரும்பாலும் இந்த இடம்தான் என்பது என் கணிப்பு. சுவிட்சர்லாந்துக்கே போய் மலையையும் மரவீட்டையும் பார்த்து வந்து, 1974இல் ‘ஹெய்டி’ தொடரை 52 பகுதிகளாக எடுத்த இயக்குநர் இசாவோ தகாஹாதா, ஒரு கிழவர் பாலாடைக்கட்டியை நெருப்பில் உருக்கி ரொட்டியின்மேல் இடுவதை ஏதோ போர்க்காட்சி போல அக்கறையுடன் காட்டியவர். அவருடைய பிற்காலப் படமொன்றைத்தான் உங்கள் தம்பி மகனின் கேலிக்குப் பதிலாக வைக்கப் போகிறேன்.

1988இல் வெளிவந்த, இரண்டாம் உலகப் போர்க்காலத்து அண்ணன் தங்கையின் கதையான ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ உங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதில் குழந்தை சாகிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சாவை ஒளித்துவைத்துக் கடைசியில் நம்மீது வீசும் வேலையைத் தகாஹாதா செய்யவில்லை. செய்தா என்ற பெயருடைய அண்ணன், தான் இறந்த தேதியைத் தானே சொல்வதோடு படம் தொடங்குகிறது. கோபே நகரின் ரயில் நிலையத்தில் அவன் விழுந்து கிடக்கிறான். அவனிடம் இருந்த பழைய மிட்டாய் டப்பாவை ஓர் ஊழியர் இருட்டில் விட்டெறிய, அதிலிருந்து தங்கையின் எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. எல்லாவற்றையும் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிட்டபின், மீதிப் படத்தில் நமக்குப் பார்க்க எஞ்சியிருப்பது அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது மட்டுமே. தீர்ந்துபோன டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒட்டியிருந்த எல்லா மிட்டாய்களின் சுவையையும் அந்தச் சிறுமி ஒன்றாகக் குடிக்கிறாளே, அங்கே பியானோவுக்கு என்ன வேலை இருக்கிறது?

நான் மறக்க முடியாமல் வைத்திருப்பது இன்னும் சிறிய ஒரு காட்சி. குண்டுவீச்சில் கருகிய தாய், பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் உடல் முழுதும் கட்டுகளோடு கிடக்கிறாள். நான்கு வயதுத் தங்கையிடம் அதைச் சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. அவளோ மைதானத்து மண்ணில் குந்தி உட்கார்ந்து அழுகிறாள். என்ன செய்வதென்று தெரியாத பதினான்கு வயதுப் பையன், அங்கே இருக்கும் உடற்பயிற்சிக் கம்பியில் தாவி ஏறிச் சுற்றுகிறான், மறுபடியும் சுற்றுகிறான், விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறான். அவளுடைய அழுகை நிற்கவில்லை. படம் அவர்கள் முகத்துக்கு அருகே போகாமல், அகன்ற மைதானத்தில் இரண்டு சிறு உருவங்களாகவே அவர்களை விட்டுவிடுகிறது. யாரும் சாகாத, யாரும் எதையும் விளக்காத இந்தக் காட்சியில், கம்பியில் சுழலும் உடலின் கனம் பிசகாமல் இருப்பதால்தான் அவனுடைய கையாலாகாத்தனம் நமக்குப் புரிகிறது. தங்கைக்குக் குரல் கொடுத்தது ஐந்து வயதுச் சிறுமி என்பதால், அவள் பேசியதை முதலில் பதிவுசெய்துகொண்டு, அதன் மூச்சுக்கும் திணறலுக்கும் ஏற்பப் பிறகு படம் வரைந்தார்கள். உருவங்களின் எல்லைக்கோடுகளைக்கூட வழக்கமான கறுப்பில் வரையாமல் பெரும்பாலும் பழுப்பில் வரைந்தார்கள். மூலக்கதையை 1967இல் எழுதிய அகியுகி நொசாகா, போரின்போது பசியால் தங்கையை இழந்தவர். கதையில் வரும் அண்ணனைப் போலத் தான் நல்லவனாக இருக்கவில்லை என்ற குற்றவுணர்ச்சியோடு எழுதியவர். தகாஹாதாவும் 1945 ஜூனில், ஒன்பது வயதில், ஒகாயாமா நகரின்மேல் நடந்த குண்டுவீச்சிலிருந்து தப்பி ஓடியவர். ‘சோகத்தை ஆழமாக உணரும் இனம்’ என்ற விளக்கத்தைவிட, இந்த இரண்டு பேருக்கும் சரியாக என்ன நடந்தது என்பது நமக்கு அதிகம் சொல்கிறது.

அசைவைப் பற்றி இவ்வளவு சொன்னபின், அசையாமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பிறப்பு அவ்வளவு கவித்துவமானதாக இல்லை. 1963 ஜனவரி முதல் தேதி ஒசாமு தேசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, வாரம் ஒரு பகுதி கொடுக்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் படத்தில் ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டு ஓவியங்களோடு சமாளித்தார்கள். பேசும்போது வாய் மட்டும் அசைந்தது. முன்பு வரைந்தவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அந்தச் சிக்கனம்தான் இன்றுவரை அங்குள்ள இளம் ஓவியர்களின் வயிற்றில் அடிக்கிறது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் வறுமைக்காகக் கற்றுக்கொண்ட நிறுத்தத்தைப் பின்வந்தவர்கள் மொழியாக்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான இயக்குநர் ஒசாமு தெசாகி ஒரு கணத்தை அப்படியே உறையவைத்து, அதைக் கையால் தீட்டிய ஓவியமாக மாற்றிக் காட்டினார். ‘இவாஞ்சலியன்’ தொடரின் 24ஆம் பகுதியில், நண்பனைக் கொன்றாக வேண்டிய சிறுவன் முடிவெடுக்கும்வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம் திரையில் ஒரே ஓவியம் நிற்கிறது; பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இயக்குநர் ஹயாவோ மியாசாகியோ பணமில்லாமல் நிறுத்தியவர் இல்லை. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் 2002இல் பேசும்போது அவர் சில முறை கைதட்டிக் காட்டி, ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள நேரத்துக்கு ‘மா’ என்று பெயர் சொன்னார். அவருடைய ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தில் தண்ணீரின்மேல் ரயில் போகிறது, சிறுமி பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், நிழல் போன்ற பயணிகள் ஒவ்வொருவராக இறங்கிப் போகிறார்கள். கதையில் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அதை வெட்டியிருந்தால் படம் இளைத்துப் போயிருக்கும்.

தம்பி மகனுக்கு நான் கொடுத்த பாதியையும் விளக்கிவிடுகிறேன். முதல் பகுதியிலேயே நோயாளியாக அறிமுகமாகி, பத்துப் பகுதிகள் புன்னகைத்துவிட்டு, மலர் உதிரும் வேளையில் இறப்பதற்காகவே படைக்கப்பட்ட பெண்கள் அனிமேயில் ஏராளம். உங்கள் நாற்பத்தொன்றில் அவர்களில் சிலர் இருப்பார்கள் என்று நிச்சயமாக நம்புகிறேன். அத்தகைய காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அசைவில்லாத முகத்தில் இரண்டு நீர்த்துளிகளைத் தவிர வேறு எதுவும் வரையப்படவில்லை என்றால், உங்களை அழவைத்தது இசையமைப்பாளர்தான். நவோகோ யமாடா 2016இல் இயக்கிய ‘எ சைலண்ட் வாய்ஸ்’ படத்தை இதே சோதனைக்கு உட்படுத்திப் பார்த்தேன். காது கேளாத பெண் சைகை மொழியில் பேசும்போது விரல்கள் தயங்குவதும், பாதி வழியில் மடங்குவதும், எதிரே இருப்பவர் தலைகுனிந்து அவள் கால்களையே பார்ப்பதும் ஒலி இல்லாமலேயே பேசின.

அந்தப் படத்தை எடுத்த கியோட்டோ அனிமேஷன், வரைந்த தாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் தொழிலில் ஓவியர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்துப் பயிற்சியும் அளித்த நிறுவனம். 2019 ஜூலை 18 அன்று அங்கே ஒருவன் வைத்த தீயில் 36 பேர் இறந்தார்கள். இளையவர்களுக்கு ஆசானாக இருந்த யோஷிஜி கிகாமியும் அவர்களில் ஒருவர். நான் மேலே நெடுநேரம் பேசிய 1988ஆம் ஆண்டுப் படத்தில் ஓவியராக வேலை செய்தவர் அவர்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தகாஹாதாவின் படத்தைத் தம்பி மகனுக்கு முதலில் காட்டாதீர்கள். குழந்தை சாகும் படம் என்று அவன் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறான். 1988 ஏப்ரல் 16 அன்று அதே திரையரங்குகளில் அதனுடன் சேர்த்துத் திரையிடப்பட்ட மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’வைக் காட்டுங்கள். மழையில் அப்பாவின் பேருந்துக்காக இரண்டு சிறுமிகள் காத்திருக்கிறார்கள், தூங்கிவிட்ட தங்கையை அக்காள் முதுகில் சுமந்துகொண்டு, குடையைக் கழுத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பேருந்து வரவில்லை. அந்தச் சில நிமிடங்கள் முடியும்வரை, அதில் என்ன சிறப்பு என்று அவனுக்கு விளக்காமல் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டு ரசிகருக்கு அது எளிதாக இராது.