திமிங்கிலமும் நீர்யானையும் சொந்தம் என்கிறார்களே, எப்படி?

இரண்டுக்கும் ஒரு பொது மூதாதை உண்டு. பொது மூதாதை என்றால், இரண்டு இனங்களும் கிளை பிரிவதற்கு முன் இருந்த ஒரே இனம். நம் சிங்கப்பூரின் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில், 2015இல் ஜூரோங் தீவு அருகே கிடைத்த திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. துடுப்பைப் பாருங்கள்: விரல் எலும்புகள்! நீந்துவதற்கு விரல் எதற்கு? நிலத்தில் நடந்த மூதாதையின் மிச்சம் அது. புதைபடிவமும் அதையே காட்டுகிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பாகிஸ்தானில் நான்கு கால்களில் நடந்த பாகிசீட்டஸ் ஒரு பழைய திமிங்கில வகை. அதன் கணுக்கால் எலும்பு ஆடு, மாடு, நீர்யானைக்கு உள்ளது போலவே இருக்கிறது.

இதை ஒரு குடும்பத்தோடு ஒப்பிடலாம். தோ பாயோவில் இருக்கும் உங்களுக்கும் தஞ்சாவூர்ப் பங்காளிக்கும் ஒரே மூக்கு என்று வையுங்கள். பழைய பெட்டியில் கிடைத்த படத்திலும் அதே மூக்கு. படத்தில் இருப்பது கொள்ளுத்தாத்தாவோ, அவர் தம்பியோ, உறவு உறுதிதான். பாகிசீட்டஸும் அந்தப் படம் போலத்தான்.

அப்புறம், நீர்யானையிலிருந்து திமிங்கிலம் வரவில்லை. இரண்டும் பங்காளிகள், அவ்வளவுதான்.