தண்ணியில்லாக் காட்டுக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர்

கேள்வி: அமெரிக்க எரிசக்தித் துறையில் 'டெக்னாலஜி ட்ரான்ஸ்ஃபர்' செய்வதற்கென்றே தனி அலுவலகம் வைத்திருக்கிறார்களாமே? ஆராய்ச்சியைச் சந்தைக்குக் கொண்டுபோவது அரசாங்கம் செய்யவேண்டிய வேலையா?
– வாசகர், கரூர்

பதில்: 'ட்ரான்ஸ்ஃபர்' என்றே எழுதினீர்கள், பிழைத்தீர்கள். 'தொழில்நுட்பப் பரிமாற்றம்' என்று எழுதியிருந்தால் உங்கள் கேள்வியைக் குப்பைக்கூடைக்கு மாற்றியிருப்பேன். பரிமாற்றம் என்றால் நான் ஒன்று கொடுக்க வேண்டும், நீங்கள் ஒன்று தர வேண்டும். சம்பந்தி வீட்டுச் சீர்த்தட்டு மாதிரி இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். ஆய்வுக்கூடத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவது எப்படிப் பரிமாற்றம் ஆகும்? இதைச் சொன்ன குற்றத்துக்காக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மூன்று வருடமாக எனக்குக் கடிதம் எழுதுகிறார். போன வாரக் கடிதம் பதினோரு பக்கம்.

நம் ஊரில் ட்ரான்ஸ்ஃபர் என்றாலே 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்கிற மேலதிகாரியின் குரல்தான் காதில் விழும். என் அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஒன்பது முறை மாற்றலானவர். ஒன்பது முறையும் அம்மா அம்மிக்கல்லை லாரியில் ஏற்றச் சொல்வாள். ஒன்பது முறையும் அப்பா, "போற ஊர்ல கல்லே கிடைக்காதா?" என்பார். ஒன்பது முறையும் அம்மிதான் முதலில் ஏறும். ஆனாலும் பயணப்படி என்று ஒன்று வந்தது, தாமதமாகவாவது. புது இடத்தில் போய்ச் சேர நாள் கொடுத்தார்கள். அங்கே ஆடுகிற காலோடு ஒரு நாற்காலியும் காத்திருந்தது.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த கண்டுபிடிப்புக்கு இதெல்லாம் கிடையாது. 'வேலை செய்கிறது' என்று கட்டுரை எழுதி முடித்ததும் ஆராய்ச்சிப் பணம் நின்றுவிடும். தொழிற்சாலைக்காரரோ, "பெரிய அளவில் செய்து காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்பார். இடையில் கிடந்து சாகும் அந்த வருடங்களுக்குத் துறைக்காரர்கள் வைத்த பெயர் 'மரணப் பள்ளத்தாக்கு'. கலிஃபோர்னியாவில் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு பாலைவனம் இருக்கிறது. 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம். ஆக, அவர்கள் ஊரிலும் ட்ரான்ஸ்ஃபர் தண்ணியில்லாக் காட்டுக்குத்தான்.

சரி, அலுவலகத்துக்கு வருவோம். 2015-இல், எர்னஸ்ட் மோனிஸ் அந்தத் துறையின் செயலராக (நம் ஊர்க் கணக்கில் அமைச்சர்) இருந்தபோது தொடங்கினார்கள். துறையின் கீழ் 17 தேசிய ஆய்வுக்கூடங்கள். எங்கே என்ன கண்டுபிடிப்பு கிடக்கிறது, அது யாருக்கு உதவும் என்று கம்பெனிக்காரர்களுக்குக் காட்டுவதும், விஞ்ஞானிகளை வெளியே அனுப்பி வாடிக்கையாளரிடம் பேசப் பழக்குவதும் அதன் வேலைகள். பணம்? 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நடைமுறைப் பயன்பாட்டுக்கான எரிசக்தி ஆராய்ச்சித் தொகையில் 0.9 சதவீதத்தை இதற்கென எடுத்து வைக்க வேண்டும். சம்பளம் நூறு டாலர், பயணப்படி தொண்ணூறு சென்ட். அம்மிக்கல்லைக்கூட ஏற்ற முடியாது.

கைப்பிடித்து அழைத்துப்போனால் ஊர் போய்ச் சேரும் என்பதற்கு அங்கேயே சாட்சி இருக்கிறது, இந்த அலுவலகம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, ஜன்னல் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சு கொடுத்து வீட்டுச் சூடு வெளியேறாமல் தடுக்கும் வேலையை, அந்தப் பதினேழில் ஒன்றான பெர்க்லி ஆய்வுக்கூடம் கையில் எடுத்தது. பெரிய கண்ணாடிக் கம்பெனிகள் தயங்கின. அரசுப் பணம் சின்னக் கம்பெனிகளுக்குப் போனது. அவர்கள் செய்து காட்டியதும் பெரியவர்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். இன்று அமெரிக்காவில் விற்கும் வீட்டு ஜன்னல்களில் பெரும்பாலானவை அந்தப் பூச்சோடுதான் வருகின்றன.

கையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லாண்டில் இருக்கும் தேசிய ஆய்வுக்கூடத்தில், வனேடியம் என்ற உலோகத்தின் கரைசலில் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்கு ஆறு வருடமும் ஒன்றரைக் கோடி டாலரும் செலவழித்தார்கள். எல்லாம் வரிப்பணம். அதைச் செய்த விஞ்ஞானிகளில் ஒருவரே உரிமம் வாங்கி 2012-இல் கம்பெனி தொடங்கினார். 'லாபம் வர அத்தனை நாளா?' என்று உள்ளூர் முதலீட்டாளர்கள் நழுவிவிட்டார்கள். 2017-இல் அவர் மூலமாகவே, அங்கே பேட்டரி செய்துகொள்ளத் துணை உரிமம் சீனாவின் டாலியன் நகரத்து நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. குறிப்பிட்ட அளவு பேட்டரிகளை அமெரிக்காவிலேயே செய்ய வேண்டும் என்று மூல உரிமத்தில் நிபந்தனை இருந்தது. அது ஃபைலுக்குள் பத்திரமாக இருந்தது. அப்போது நம் அலுவலகத்துக்கு இரண்டு வயது. பிற்பாடு இன்னோர் அமெரிக்கக் கம்பெனி அதே பேட்டரிக்கு உரிமம் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் நடையாய் நடந்தது. 2022-இல் வானொலிச் செய்தியாளர்கள் போய்க் கேள்வி கேட்ட பிறகுதான் பழைய உரிமம் ரத்தானது.

இது அரசாங்கத்தின் வேலையா என்றா கேட்டீர்கள்? வேலைக்கு வைத்தவன்தானே மாற்றல் உத்தரவும் கொடுக்க வேண்டும்? வண்டி ஏற்றிவிட்டால் போதாது, போய்ச் சேர்ந்தானா என்று ஒரு போனும் போட வேண்டும். ரிச்லாண்ட் விஷயத்தில் அந்த போனைத்தான் யாரும் போடவில்லை.

பேராசிரியர் ஐயா, டாலியனிலிருந்து பதில் சீர்த்தட்டு ஏதாவது வந்திருந்தால் எழுதுங்கள், 'பரிமாற்றம்' என்றே அச்சிடுகிறேன். கடிதம் மட்டும் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும்.