ஸ்க்ரூஜ்: புத்தகத்திலும் திரையிலும்

கேள்வி: சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ குறுநாவலை அண்மையில்தான் படித்தேன். அதைத் தழுவிய படங்களில் மூலத்துக்கு நெருக்கமானது எது? என் பத்து வயது மகனுடன் எதைப் பார்க்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஆவிகள் வந்து ஸ்க்ரூஜ் என்ற கருமியை மனம் மாற்றும் கதை இது. 1901-லேயே மௌனப்படமாகிவிட்ட இந்தக் கதைக்குத் திரைவடிவங்கள் ஏராளம். அவற்றுள் பலரும் முதலிடம் தருவது, அலஸ்டேர் சிம் நடித்து 1951-இல் வெளிவந்த ‘ஸ்க்ரூஜ்’ படத்துக்குத்தான். மனம் மாறிய காலையில் ஸ்க்ரூஜ் மகிழ்ச்சி தாங்காமல் தலைகீழாக நிற்பதும், அதைக் கண்டு மிரண்ட வேலைக்காரி அலறிக்கொண்டு ஓடுவதும் நாவலில் இல்லாதவை. ஆனாலும் டிக்கன்ஸ் பார்த்திருந்தால் ரசித்திருப்பார் என்றே தோன்றுகிறது.

அந்தப் படத்தின் மற்றொரு சேர்க்கையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நாவலில் ஸ்க்ரூஜின் தங்கையான ஃபேன், படத்தில் அக்காவாகி, ஃப்ரெட்டைப் பெற்றெடுத்ததும் இறந்துபோகிறாள். அதனால்தான் மாமன் மருமகனை வெறுக்கிறான் என்று காரணம் கற்பிக்கப்படுகிறது. ஃபேன் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு இறந்தாள் என்பதற்கு மேல் டிக்கன்ஸ் எதுவும் சொல்வதில்லை. கருமியின் மீது நமக்கு வரவேண்டிய கோபத்தை இத்தகைய காரணங்கள் தணித்துவிடுகின்றன.

அந்தக் கோபமோ இந்நூலின் உயிர்நாடி. 1843-இல் இங்கிலாந்தின் குழந்தைத் தொழிலாளர் நிலை குறித்த அரசு அறிக்கையைப் படித்துக் கொதித்துப்போன டிக்கன்ஸ், முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதவே எண்ணியிருந்தார். பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டுச் சில வாரங்களிலேயே இக்கதையை எழுதி, அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று வெளியிட்டார். நிகழ்கால கிறிஸ்துமஸ் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து அறியாமை என்ற சிறுவனும் வறுமை என்ற சிறுமியும் எலும்பும் தோலுமாக வெளிப்படும் இடத்தைத்தான் நாவலின் உச்சம் என்பேன். “இவர்களுக்குப் போக்கிடம் இல்லையா?” என்று ஸ்க்ரூஜ் கேட்க, “சிறைச்சாலைகள் இல்லையா?” என்று, நன்கொடை கேட்டு வந்தவர்களிடம் அவன் எகத்தாளமாகக் கேட்ட அதே கேள்வியை ஆவி திருப்பிக் கேட்கிறது. 1938-இல் எம்.ஜி.எம். நிறுவனம் தயாரித்த படம் இந்தப் பிள்ளைகளை அடியோடு நீக்கிவிட்டது. ஜார்ஜ் சி. ஸ்காட் நடித்த 1984-ஆம் ஆண்டுப் படத்தில் அவர்கள் இருக்கிறார்கள். அதோடு, ஸ்காட்டின் ஸ்க்ரூஜ் கிழட்டுப் பூதமாக இல்லாமல், தன் கணக்கு சரியென்று நம்பும் வியாபாரியாகவே நடமாடுகிறான். நாவலின் கருத்துக்கு நெருக்கமான படம் எதுவென்றால், என் கணிப்பில் இதுதான்.

நாவலின் குரலுக்கு நெருக்கமான படம் வேறு. நீங்கள் சிரிக்கக்கூடும்; 1992-இல் வந்த, பொம்மைகள் நடித்த ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கரோல்’தான் அது. வாசகரின் தோளில் கைபோட்டுப் பேசுவதுபோல டிக்கன்ஸ் கதை சொல்லும் விதத்தைப் பிற படங்கள் பெரும்பாலும் தவறவிட, இதில் கான்ஸோ என்ற பொம்மையே டிக்கன்ஸாக வந்து மூலத்தின் வாக்கியங்கள் பலவற்றை அப்படியே சொல்கிறது. மைக்கேல் கெய்னும், தம்மைச் சுற்றி நிற்பவை பொம்மைகள் என்பதையே அறியாதவர்போல, துளியும் கேலியின்றி ஸ்க்ரூஜாக வாழ்ந்திருக்கிறார். ஆவியாக வரும், ஸ்க்ரூஜின் இறந்துபோன கூட்டாளி மார்லி இருவராகப் பெருகியதை மன்னித்துவிடலாம். அங்கிக்குள்ளிருக்கும் பிள்ளைகளை விட்டுவிட்டதுதான் குறை.

மகனுடன் பார்க்க இதையே தேர்ந்தெடுங்கள். ஜிம் கேரி நடித்த 2009-ஆம் ஆண்டு அனிமேஷன் படம் வசனங்களில் நூலைப் பெரிதும் ஒட்டியே சென்றாலும், இடையில் ஸ்க்ரூஜை எலியளவு சுருக்கித் தெருத்தெருவாகத் துரத்துகிறது. மார்லியின் ஆவி வரும் காட்சியும் சிறுவர்களைப் பயமுறுத்தக்கூடும்.