தங்கையின் ஓவியப் படிப்பும் தாத்தா வீட்டுப் பத்திரமும்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 31, பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை, பிடித்தம் போகக் கைக்கு 34,000 ரூபாய் வருகிறது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் 14,000. தங்கைக்கு வயது 24. எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் பிஎஃப்ஏ ஓவியம் முடித்துவிட்டு, ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் 24,000 சம்பளத்தில் இருக்கிறாள். பெங்களூரில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் இரண்டு வருட முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வருடக் கட்டணம் 4,75,000. விடுதி, சாப்பாடு மாதம் 15,000. கேன்வாஸ், பெயிண்ட், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 90,000 ஆகும் என்கிறாள். மொத்தம் 14 லட்சம். இடத்தை உறுதி செய்ய 10 நாளில் 75,000 கட்ட வேண்டும்.

கையில் இருப்பது: அம்மா பெயரில் எஃப்டி 5 லட்சம் (அப்பாவின் பணிக்கொடை), 18 சவரன் நகை, தங்கையின் சேமிப்பு 1,20,000. நான் 2 லட்ச ரூபாய் சீட்டு ஒன்று கட்டி வருகிறேன், 20 மாதத்தில் 8 முடிந்தது. வீடு தாத்தா பெயரில் இருக்கிறது, இரண்டு சித்தப்பாக்களுக்கும் பங்கு உண்டு. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா, நகையை விற்கலாமா? கடனை என் பெயரில் வாங்கினால் வரிச்சலுகை கிடைக்கும் என்று நண்பன் சொல்கிறான். அம்மா "அவ ஆசைப்படுறா, சேர்த்து விடு" என்கிறார். எனக்கும் அதே ஆசைதான், ஆனால் தூக்கம் வரவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் பெயிண்ட் செலவு வரை இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை: இரண்டு வருடம் முடிந்ததும் தங்கையின் கையில் என்ன காகிதம் தருவார்கள்? "முதுநிலைப் படிப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எம்எஃப்ஏ (நுண்கலை முதுநிலை) பட்டமா, டிப்ளமோவா? பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்?

இந்தியாவில் பட்டம் கொடுக்கும் உரிமை, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலை அந்தஸ்து பெற்றவற்றுக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் அதிகாரம் பெற்றவற்றுக்கும் மட்டும்தான். 1956-ம் வருட யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் அப்படிச் சொல்கிறது. தனித்து நிற்கும் ஒரு கலைக் கல்லூரி எவ்வளவு நல்ல ஆசிரியர்களை வைத்திருந்தாலும், ஒரு பல்கலைக்கழகத்தோடு இணையாமல் எம்எஃப்ஏ தர முடியாது. டிப்ளமோ தரலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு என்றும் சிலர் சொல்வார்கள். அதற்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஓவியம் வரைய இந்தக் காகிதம் தேவையில்லை, அது உண்மை. ஆனால் நாளைக்குத் தங்கை ஒரு கல்லூரியில் பாடம் நடத்த நினைத்தால், காட்சிக் கலையில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுத அங்கீகரிக்கப்பட்ட முதுநிலைப் பட்டம் வேண்டும். ஓவியருக்கு மாதா மாதம் நிச்சயமாகச் சம்பளம் வரும் வழிகள் சில மட்டுமே, அதில் இது ஒன்று.

வங்கியும் முதலில் இதைத்தான் கேட்கும். அங்கீகாரம் இல்லாத படிப்பு என்றால் பொதுத்துறை வங்கி அநேகமாகக் கைவிரித்துவிடும். வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் தருவார்கள், ஆனால் வட்டி கூடுதலாக இருக்கும். கட்டிய பணம் திரும்ப வருவதும் இதைப் பொறுத்ததுதான்: இடம் வேண்டாம் என்று விலகினால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் யுஜிசி விதி, பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளுக்கும்தான். ஆகவே அந்த 75,000-ஐக் கட்டும் முன் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம்: பட்டம் யாருடையது, விலகினால் எவ்வளவு திரும்ப வரும். எழுத்தில் பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தனித்து நிற்கும் கல்லூரி என்பதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரிய அறக்கட்டளையோ அரசோ பின்னால் இல்லையென்றால், அது மாணவர் கட்டணத்தில்தான் மூச்சு விடுகிறது. அமெரிக்காவில் 1871-ல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிடியூட், மாணவர் குறைந்து கடன் ஏறி 2022-ல் வகுப்புகளை நிறுத்தியது. பிலடெல்பியாவின் யூனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் 2024 மே 31-ம் தேதி மூடப்போவதாகத் தெரிந்தது, ஜூன் 7-ம் தேதி மூடியேவிட்டது. ஒரே வாரம்! பெங்களூரிலும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் வருடத்தில் எத்தனை பேர் படிக்கிறார்கள், போன வருடம் கட்டணம் எவ்வளவு ஏறியது என்று கேட்பதில் தப்பில்லை. தங்கை படித்த எழும்பூர் கல்லூரியே 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தன் சொந்த முயற்சியில் ஆரம்பித்த பள்ளிதான். இரண்டே வருடத்தில் அரசு எடுத்துக்கொண்டது. அதனால்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே குறைந்த கட்டணத்தில் படிக்க முடிகிறது.

அதே கல்லூரியில் எம்எஃப்ஏ இருக்கிறதே என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். விடுதிச் செலவே கிடையாது. ஆனால் நான்கு வருடம் ஒரே ஆசிரியர்களிடம் படித்த பெண், வேறு கண்கள் தன் படத்தைப் பார்க்க வேண்டும் என்று விரும்புவது வீண் ஆசை இல்லை. அப்படியானால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், பரோடா, சாந்திநிகேதன் ஆகிய மூன்றிலும் நுண்கலைத் துறைக்கு நல்ல பெயர் உண்டு, பட்டத்தில் சந்தேகமில்லை, கட்டணம் நீங்கள் சொல்லும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. அவற்றுக்கு விண்ணப்பித்தாளா என்று தங்கையிடம் கேட்டீர்களா?

சரி, பெங்களூர்தான், பட்டமும் முறையானதுதான் என்று வைத்துக்கொள்வோம். 9.5 லட்சக் கட்டணம் முழுவதையும் கடனாக வாங்கினால் என்ன ஆகும்? வட்டி 10.5 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். படிக்கும் இரண்டு வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பருவத்துக்குப் பருவம் பணம் விடுவித்தால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் சுமார் 2,25,000 சேர்ந்திருக்கும். கடன் 11,75,000 ஆகிவிடும். 10 வருடத் தவணை என்றால் மாதம் 15,850. 15 வருடம் என்றால் 13,000, ஆனால் மொத்தமாக 23 லட்சத்துக்கு மேல் கட்டி முடிப்பீர்கள். இப்போது 24,000 வாங்குபவர் பட்டம் முடிந்ததும் 35,000 வாங்குவார் என்றே வைத்தாலும், சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

நான் தலைகீழாகக் கணக்குப் போடுவேன். 35,000-ல் கால்வாசி 8,750. அந்தத் தவணை 10 வருடத்தில் தாங்கும் கடன் ஏறக்குறைய 6.5 லட்சம், அதுவும் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால். தங்கையின் கடனுக்கு அதுதான் மேல் எல்லை. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. அதைத் தாண்டும்போதுதான் பத்திரப் பேச்சு வரும். உங்கள் பத்திரமோ பாகம் பிரிக்காதது, சித்தப்பாக்கள் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் வங்கி தொடும். படிப்புக்காக அந்தப் பேச்சை ஆரம்பித்தால் அது பாகப்பிரிவினையில் போய் நிற்கும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ வந்த பிறகு மனை விலை என்னவென்று சித்தப்பாக்களுக்கும் தெரியும். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

கடன் தங்கையின் பெயரில் இருக்க வேண்டும், நீங்கள் இணைக் கடன்தாரர். நண்பர் சொன்ன வரிச்சலுகை உங்களுக்குப் பொருந்தாது. கல்விக் கடன் வட்டிக்கான கழிவு தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, தான் சட்டப்படி பாதுகாவலராக இருக்கும் மாணவருக்கு வாங்கிய கடனுக்குத்தான். தங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அதுவும் பழைய வரி முறையில் மட்டும். எப்படியும் உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, இல்லாத வரிக்குச் சலுகை எதற்கு? ஆனால் இணைக் கடன்தாரர் என்பது வெறும் கையெழுத்து இல்லை. அவள் ஒரு தவணை தவறினாலும் உங்கள் சிபிலில், அதாவது கடன் வரலாற்றில், ஏறும். மூன்று வருடம் கழித்து நீங்கள் வீட்டுக்கடன் கேட்டுப் போனால், இந்தத் தவணையைக் கழித்துக்கொண்டுதான் உங்கள் தகுதியைப் பார்ப்பார்கள். கல்யாணப் பேச்சு ஏதாவது நடக்கிறதென்றால், பெண் வீட்டாருக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் அந்தக் கல்வி நிறுவனம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்து, குடும்ப வருமானம் வருடத்துக்கு 8 லட்சத்துக்குள் என்றால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை இல்லாத காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு.

இனி மீதிப் பணம். கடன் 6.5 லட்சம். அம்மாவின் எஃப்டியில் 2 லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். அது அம்மாவின் பணம், மருத்துவச் செலவு என்று வந்தால் 14,000 ஓய்வூதியத்தில் என்ன செய்வார்? தங்கையின் சேமிப்பு 1.2 லட்சம். படிக்கும்போது ஸ்டோரிபோர்டு மாதிரி வெளிவேலை செய்து மாதம் 5,000 பார்த்தால் இரண்டு வருடத்தில் 1.2 லட்சம். மாத வட்டி உங்கள் பொறுப்பு: முதல் பருவத்தில் 1,400 ரூபாய் அளவில் தொடங்கி, கடைசிப் பருவத்தில் 5,700 வரை ஏறும். எல்லாம் கூட்டினால் 10.9 லட்சம். 3.1 லட்சம் இடிக்கிறது.

அதற்காகத்தான் சீட்டை ஏலத்தில் தள்ளி எடுக்க நினைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இப்போது 46,000 தள்ளி எடுத்தால் கைக்கு 1,54,000. கடைசி மாதம் வரை இருந்தால், 5 சதவீதக் கமிஷன் போக 1,90,000. (பதிவு செய்த சீட்டுதானே? தெரு அக்கா நடத்தும் சீட்டு என்றால் இந்தக் கணக்கை மறந்துவிட்டு, முதலில் பணத்தை எடுங்கள்.) நகையை விற்காதீர்கள். அவசரத்துக்கு வங்கியில் வைத்து மீட்கலாம், விற்றுவிட்டால் அதே 18 சவரனைத் திரும்ப வாங்க உங்களால் முடியாது.

ஆகவே என் யோசனை: சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று கல்லூரியிடம் கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள். அந்தப் 12 மாதத்தில் சீட்டு முடிந்து 1.9 லட்சம் வரும். தங்கை வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் மாதம் 10,000 ஒதுக்கினால் 1.2 லட்சம். இடித்த 3.1 லட்சம் சரியாகிவிடுகிறது. கட்டணம் கொஞ்சம் ஏறலாம், அதற்குக் கட்டணச் சலுகையும் உதவி ஆசிரியர் வேலையும் கேட்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், தனியார் கல்லூரிகளில் கேட்பவருக்குத்தான் கிடைக்கும். இந்த ஒரு வருடத்தில் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். மத்திய கலாசார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 வீதம் இரண்டு வருடம் தரும் உதவித்தொகைக்கு வயது வரம்பு 18 முதல் 25. தங்கைக்கு 24. நிபந்தனைகளைப் படித்துவிட்டு அடுத்த அறிவிப்பிலேயே போடட்டும்.

வந்த கடிதங்களில் யாரும் கேட்காத ஒரு செலவு இருக்கிறது. பட்டம் முடிந்த அடுத்த வருடம். கலைப் படிப்பில் செலவு கூடும் காலம் அதுதான். வேலை கிடைத்திருக்காது, படம் வரைய இடம் வேண்டும், படத்துக்கு ஃப்ரேம் போட வேண்டும், கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும், மாதம் 5,700 வட்டியும் ஓடும். கட்டணத்துக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிய வீடுகளில், பிள்ளை முதல் மாதமே ஏதோ ஒரு விளம்பரக் கம்பெனியில் உட்கார்ந்துவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய வேலைக்கே திரும்புவதற்கு 14 லட்சம் எதற்கு? 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் கலைஞர் கிராமத்தை உண்டாக்கியவர்கள், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். படம் விற்கும் வரை சோறு போட வேறொன்று வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கை திரும்பி வந்தால் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியின் கூடங்களில் இடம் கேட்கலாம், தனியாக வாடகைக்கு ஸ்டூடியோ பிடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வருடத்துக்கென்று ஒரு லட்சமாவது தனியாக இருக்க வேண்டும். சீட்டு முடிந்ததும் மாதம் 10,000 உங்களுக்கு மிச்சமாகும். அதில் வட்டி போக நிற்பதைத் தங்கை பெயரில் ஆர்டி போடுங்கள், பட்டம் வாங்கும்போது அந்த ஒரு லட்சம் இருக்கும்.

கல்லூரி ஒரு வருடம் தள்ளிவைக்க முடியாது, இந்த வாரமே 75,000 கட்டு என்றால், கட்டாதீர்கள். பட்டம் யாருடையது என்ற பதில் வந்ததும் அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள். டிப்ளமோ என்றால் மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது, புதிதாகப் போட வேண்டும்.