டாக்டரம்மா பதில்கள்: ஸ்டார் போட்ட எண்கள்

கேள்வி: எனக்கு வயது 54. சுத்த சைவம். ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், வேறு மாத்திரை கிடையாது. என் அப்பா பக்கவாதம் வந்து ஆறு வருடம் படுக்கையில் கிடந்து போனவர். அந்தப் பயத்தில், சலுகை விலையில் அறுபது டெஸ்ட் கொண்ட பேக்கேஜ் எடுத்தேன். ஒரு பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனான். ஹெச்எஸ்-சிஆர்பி 7.4, ஹோமோசிஸ்டீன் 31. இரண்டுக்கும் ஸ்டார் போட்டிருக்கிறார்கள். இரண்டுமே ஸ்ட்ரோக் வருவதற்கு அடையாளம் என்று செல்போனில் படித்தேன். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. பின்குறிப்பு: ஒரு கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, வேர் சிகிச்சை நடக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறேன்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பின்குறிப்புதான். முப்பது வருடம் ஓ.பி.யில் உட்கார்ந்திருந்தவள் நான். சொல்ல வேண்டிய விஷயத்தை நோயாளிகள் எழுந்து கதவுப் பக்கம் போகும்போதுதான் சொல்வார்கள்.

சிஆர்பி என்பது கல்லீரல் செய்கிற ஒரு புரதம். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். 1930-இல் நியூயார்க்கில் அதை முதலில் கண்டதே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்து உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தால் கொஞ்சமாக ஏறும். அந்தக் கொஞ்சத்தைப் பிடிக்கத்தான் இந்த ஹெச்எஸ் வகை டெஸ்ட். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 3-க்கு மேலே போனால் அதிகம் என்பது கணக்கு. ஆனால் பல்லில் சீழ், சளிக்காய்ச்சல், மூட்டுவாதம், சிகரெட், தொந்தி எல்லாமே அதே எண்ணைத்தான் ஏற்றும். புகை வருகிறது என்று சொல்லும். எரிவது அடுப்பா வைக்கோல்போரா என்று அதற்குத் தெரியாது. பல் வேலை முடிந்து மூன்று நான்கு வாரம் போகட்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஒரு நாளில் திரும்ப எடுங்கள்.

அப்போதும் கூடுதலாக இருந்தால்? 2008-இல் ஜூபிட்டர் என்ற பெரிய ஆய்வு வந்தது. கெட்ட கொழுப்பு 130-க்குக் கீழே, ஆனால் சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல், இப்படி 17,802 பேர். பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை), பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சரி, இதில் உங்களுக்கு என்ன? சர்க்கரை உள்ளவர் நாற்பதைத் தாண்டிவிட்டாலே, சிஆர்பி பார்க்காமலேயே, ஸ்டாட்டின் வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். நீங்கள் அதைச் சாப்பிடவில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

இனி ஹோமோசிஸ்டீன். உடம்பிலேயே உண்டாகும் ஒரு அமினோ அமிலம். 15-க்குள் இருக்க வேண்டும். பி12-உம் ஃபோலிக் அமிலமும் குறைந்தால் இது ரத்தத்தில் தேங்கும். பி12 தாவர உணவில் கிடையாது. முருங்கைக்கீரையிலும் கிடையாது, யார் சத்தியம் செய்தாலும். சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அதோடு ஒன்பது வருட மெட்ஃபார்மின் வேறு, குடல் பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும் மருந்து அது. 31 என்ற எண்ணில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்னொரு சந்தேகமும் உண்டு. எடுத்த ரத்தத்தைச் சீக்கிரம் சுழற்றிப் பிரிக்காவிட்டால், சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்து மணிக்கு மணி ஏறும். அந்தப் பையன் உங்கள் வீட்டுக்கு அப்புறம் எத்தனை வீட்டுக்குப் போனான், பையில் ஐஸ் இருந்ததா? லேபுக்கே நேரில் போய், பி12 அளவோடு சேர்த்து ஒருமுறை எடுங்கள்.

பி12 குறைவாக இருந்தால் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். மூளைக்காக மட்டும் இல்லை, நரம்புக்கும்தான். பாதம் மரத்துப்போகிறதா என்று கவனியுங்கள். பி12 பார்க்காமல் வெறும் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்காதீர்கள். ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ஆனால் இந்த எண்ணைக் குறைத்தால் பக்கவாதம் வராதா என்று கேட்டால், பதில் முழு ஆமாம் இல்லை. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களிடம் வைட்டமின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பெரிய பலன் காட்டவில்லை. சீனாவில் ரத்தக்கொதிப்பு உள்ள 20,702 பேரில் பாதிப் பேருக்கு பிரஷர் மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதன் முடிவு 2015-இல் வந்தது: முதல் பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7-ஆக இறங்கியது. பலன் உண்டு, அவ்வளவுதான்.

ஸ்டாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டெஸ்ட்டுகளில் நார்மல் என்ற வரம்பே, ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் அதற்குள் வரும்படி போடப்பட்டதுதான். அறுபது டெஸ்ட் எடுத்தால் நல்ல ஆளுக்கே மூன்று ஸ்டார் விழும். அதை வைத்து அடுத்த பேக்கேஜ் விற்பார்கள்.

ஆனால் இவ்வளவு நீளக் கடிதத்தில் பிரஷர் எவ்வளவு என்று ஒரு வரி இல்லையே! 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வில், மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே பக்கவாத ஆபத்தில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்பு என்று தெரிந்தது. முதலிடம் ரத்தக்கொதிப்புக்கு, கிட்டத்தட்ட பாதி.

என் அண்ணன் வங்கியில் கேஷியராக இருந்தவர். வருடம் தவறாமல் ரத்தம் கொடுப்பார், ரிசல்ட்டைத் தேதிவாரியாக ஃபைலில் போடுவார். எல்லாம் நார்மல். பிரஷர் பார்க்கலாமா என்றால், "எனக்கென்ன டென்ஷன்?" என்பார். ஒரு ஐப்பசி மாதக் காலை, சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்று அண்ணி போன் செய்தார். நான் போனபோது 210/120. பக்கவாதம் வந்த நேரத்தில் பிரஷர் ஏறத்தான் செய்யும், ஆனால் ஈசிஜியில் இதயச் சுவர் தடித்திருந்தது. அது பல வருடக் கதை. டாக்டர் தங்கை நான், அதே தெருவில் குடியிருந்தும் ஒருநாள்கூட அவர் கையைப் பிடித்து அந்தப் பட்டையைச் சுற்றவில்லை.

காபி குடித்து அரை மணி ஆன பிறகு, சாய்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பேசாமல், கையை மார்பு உயரத்தில் மேசைமேல் வைத்துப் பிரஷர் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் தெருவுக்கு வந்தால் அவரிடமே பார்க்கலாம், காசு கிடையாது. சர்க்கரை உள்ள உங்களுக்கு 130/80-க்குள் இருப்பது நல்லது.

கேள்வி: வயது 29. அப்பாவுக்கு 47-இல் பக்கவாதம், சித்தப்பாவுக்கு 45-இல் மாரடைப்பு. எனக்கு என்ன டெஸ்ட் எடுக்கலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்கு மட்டும் ஒரு புது டெஸ்ட் சொல்வேன். நாங்கள் 'எல்பி லிட்டில் ஏ' என்போம். 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டுபிடித்த ஒருவகைக் கொழுப்புப் புரதம். பரம்பரைச் சொத்து மாதிரி பிறக்கும்போதே தீர்மானமாகிவிடும். ஆயுளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் கவனம் தேவை. நடையோ பத்தியமோ அதை அசைக்காது. அதனால் அசைக்க முடிந்த கெட்ட கொழுப்பு, பிரஷர், புகையிலை மூன்றையும் மற்றவர்களைவிடக் கடுமையாக நடத்த வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு வாய் கோணியதும் கொண்டுபோனோம். விரலில் ஒரு குத்து குத்திவிட்டு நேராக ஸ்கேனுக்குத் தள்ளிவிட்டார்கள். முழு ரத்தப் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்கவில்லையே?
– வாசகர், சிவகங்கை

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அந்தக் குத்து சர்க்கரை பார்க்க. சர்க்கரை மிகவும் இறங்கினாலும் கை கால் இழுத்துப் பக்கவாதம் போலவே இருக்கும். மாரடைப்புக்கு ட்ரோபோனின் என்ற ரத்த டெஸ்ட் இருப்பதுபோல, இது அடைப்பா ரத்தக்கசிவா என்று வார்டில் சொல்ல நம்பத்தகுந்த ரத்த டெஸ்ட் இன்னும் கைக்கு வரவில்லை. ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தம் கசிபவருக்கு அதே ஊசி எமன்.

கேள்வி: 61 வயதிலும் எனக்கு ஹீமோகுளோபின் 19.2! வீட்டில் எல்லோரும் என்னைவிடக் குறைவு. பீடி தவிர வேறு பழக்கம் இல்லை. ரகசியம் என்னவாக இருக்கும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐயா, இந்தப் பரீட்சையில் அதிக மார்க் வாங்கக் கூடாது. ஆண்களுக்கு 16.5-ஐத் தாண்டினாலே ஏன் என்று பார்க்க வேண்டும். ரத்தம் குழம்பாகிவிட்டால் மூளைக்குழாயில் உறையும். பீடியாலும் ஏறலாம், எலும்பு மஜ்ஜை தறிகெட்டு உற்பத்தி செய்தாலும் ஏறலாம். இரண்டாவதற்கு ஜேக்2 என்ற மரபணு டெஸ்ட் உண்டு. அதுதான் என்று உறுதியானால், அவ்வப்போது ரத்தத்தை எடுத்து வெளியேற்றுவதே முதல் வைத்தியம். ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 45 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இந்த வாரமே ரத்தநோய் நிபுணரிடம் போங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்பதையும் சேர்த்து.